வேலி ஓணானும் தைமஸ் சுரப்பியும்

வடமதுரையைச் சுற்றியுள்ள தோட்ட வேலிகளில் கழுத்துச் சிவக்கத் தலையசைத்து நிற்கும் ஓணானைக் கண்டு கல்லெடுக்காத சிறுவன் அபூர்வம். அதே பிராணியை மதுரைப் பல்கலைக்கழகத்து ஆய்வுக்கூடத்தில் வைத்து, உடல் நோயை எவ்வாறு எதிர்க்கிறது என்னும் பெரிய கேள்விக்கு விடை தேடினார் வி.ஆர். முத்துக்கருப்பன் என்பதை இவ்வட்டாரத்தார் அறிந்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அக்கேள்வியின் பூர்வ சரித்திரம் சுண்டெலியிடம் இருக்கிறது. மார்பெலும்புக்குப் பின்னே, இதயத்துக்குச் சற்று மேலே அமைந்த தைமஸ் சுரப்பி வயது ஏற ஏறச் சுருங்கிப் போவதால், அதைப் பெரிய உபயோகமில்லாத அவயவமென்றே வைத்திய உலகில் பலரும் கருதியிருந்தனர். லண்டனில் எலிகளின் இரத்தப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்த ஜாக் மில்லர், பிறந்த உடனே எலிக்குஞ்சுகளிடமிருந்து அச்சுரப்பியை அகற்றிப் பார்த்தபோது, அவற்றின் இரத்தத்தில் லிம்போசைட் என்னும் வெள்ளணுக்கள் குன்றின. அந்நிய எலியின் தோலை ஒட்டவைத்தாலும் அவை அதை எதிர்க்கவில்லை. பல குஞ்சுகள் நாளடைவில் மெலிந்து மாண்டன. 1961இல் வெளியான இம்முடிவு, பயனற்றதெனப்பட்ட சுரப்பியே பாதுகாப்புச் சக்தியின் பிறப்பிடங்களுள் ஒன்று என்பதை ஸ்தாபித்தது. இயற்கையும் இதற்குச் சாட்சி சொன்னது: ரோமமின்றிப் பிறந்த ஒருவகை எலிகளுக்குத் தைமஸே வளர்வதில்லை என்பது 1968இல் தெரியவந்தது. 1983இல் பிலடெல்பியாவின் பாஸ்மா தம்பதியர், மரபணுக் குறையால் லிம்போசைட்டுகளின் இருபெரும் வகைகளும் உருவாகாத எலிகளைப் பற்றி எழுதினர். மனித அணுக்களையும் உதறாமல் ஏற்கும் இவ்வெலிகள், எலியைத் தானாகத் தொற்றாத எச்.ஐ.வி. கிருமியை ஆராய்வதற்கும் பின்னர் துணைநின்றன.

முத்துக்கருப்பனும் எலியிலிருந்து வந்தவரே. எலிக் கருவின் தைமஸ் எவ்வாறு உருப்பெறுகிறது என்பதை ஆராய்ந்த ராபர்ட் அவர்பாக்குடன் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பணிபுரிந்து, எலிக் கருவில் கண்வில்லை தோன்றும் விதத்தைப் பற்றி 1965இல் எழுதியவர், மதுரையில் நம் வேலிப் பிராணியைக் கையில் எடுத்தார். வேலியில் போகிற ஓணானை மடியில் விட்டுக்கொள்ளாதே என்று பழமொழி எச்சரிக்கும் காரியத்தை அவர் மனமுவந்து செய்தார். எலிக்கென்று அயல்நாட்டில் பெருங்கூடங்கள் இருக்க, ஊர்வனவற்றின் எதிர்ப்புச் சக்தியை நோக்கியவர்கள் மிகச் சிலரே. பறவைக்கும் பாலூட்டிக்கும் ஊர்வனவற்றுக்கும் மூதாதை ஒன்றாதலால், இப்பாதுகாப்பு எவ்வளவு தொன்மையானது என்பதை ஓணானைக் கேட்காமல் அறிய இயலாது.

அவர் வேலையை அஸ்திவாரத்திலிருந்து தொடங்கினார் என்பதே எனக்கு மிகவும் உயர்வாகத் தோன்றுகிறது. முட்டைக்குள் ஓணான் கரு படிப்படியாக வளரும் நிலைகள் யாவை என்று 1970இல் சகாக்களோடு வரிசைப்படுத்தினார். அந்த வரிசை இல்லாமல் தைமஸோ மண்ணீரலோ எப்போது உருவாகிறது என்று யாரும் பேச முடியாது. 1972இல் கனகாம்பிகையுடன் சேர்ந்து, ஆட்டின் சிவப்பணுக்களைச் செலுத்தினால் ஓணானின் உடல் எவ்வாறு எதிர்வினை செய்கிறது என்பதை வெளியிட்டார். 1977இல், பின்னாளில் மக்களின் மரபணுச் சுவடுகளைத் தேடிப் பெயர்பெற்ற ஆர்.எம். பிச்சப்பனுடன், ஓணானின் மண்ணீரலில் தைமஸை நம்பியிருக்கும் பகுதிகளை எடுத்துக்காட்டினார். மில்லர் எலியில் கண்ட தைமஸின் ஆதிக்கம் ஓணானிலும் இருந்தது.

பிறகு அவர் கவனம் மீண்டும் கண்ணுக்குத் திரும்பியது. இரத்தக் குழாய்களே இல்லாத கருவிழிப் படலத்தில் புதுக் குழாய்கள் முளைப்பதை எலியின் கண்ணிலேயே கவனிக்கும் முறையை 1979இல் அவர்பாக்குடன் சேர்ந்து சயன்ஸ் பத்திரிகையில் விவரித்தார். பாரதிதாசன் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பின்னர், மதுரை அரவிந்த் கண் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில், மனிதக் கருவிழியின் விளிம்பில் உறையும் மூல அணுக்களை இனங்காணும் முயற்சியில் ஈடுபட்டு, அதன் பலனை 2005இல் சகாக்களோடு வெளியிட்டார்.