மருந்தும் வேண்டும், குளவியும் வேண்டும்: பிளாஸ்டிக் வீட்டுப் பயிரில் இரண்டையும் சேர்ப்பது எப்படி?

செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இரண்டு காட்சிகள் பழக்கமானவை. ஒன்று, கம்பத்தின் மேல் நிற்கும் ஆந்தைப் பெட்டி. எலியைப் பிடிக்கத் தோட்ட நிர்வாகம் வைத்தது. மற்றொன்று, தோட்டச் சாலை ஓரத்தில் வரிசையாக நடப்பட்டிருக்கும் ‘பூங்கா புக்குல் லாப்பான்’ எனும் எட்டு மணிப் பூச்செடி. அழகுக்கு நட்டது என்றே பலர் நினைத்திருப்பார்கள். செம்பனை ஓலையைத் தின்னும் ‘உலாட் புங்குஸ்’ புழுவைக் கொல்லும் சின்னஞ்சிறு குளவிகளுக்குத் தேன் கிடைக்கவே அது நடப்படுகிறது.

அந்தப் பூச்செடிக்குப் பின்னால் ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1950-களின் இறுதியிலும் 1960-களிலும் இந்நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில், பட்ட பூச்சியை எல்லாம் கொன்று நெடுநாள் தங்கிவிடும் மருந்துகள் தெளிக்கப்பட்டன. புழு குறையவில்லை, பெருகியது. தன் கூட்டுக்குள் பதுங்கிய புழு மருந்திலிருந்து தப்பியது. வெளியே பறந்து திரிந்த குளவி செத்தது. அத்தகைய மருந்துகளைக் கைவிட்டு, புழுவை மட்டும் தாக்கும் மருந்துக்கு மாறிய பிறகே நிலைமை சீரானது.

அதே தவறு இன்று வேறோர் இடத்தில் நடக்கிறது. கேமரன் மலையிலும் சமவெளியிலும் தக்காளி, குடைமிளகாய், வெள்ளரி, ஸ்ட்ராபெர்ரி விளையும் பிளாஸ்டிக் வீடுகளில், பூச்சி கண்ணில் பட்டால் மருந்து, படாவிட்டாலும் வாரம் தவறாமல் மருந்து என்பதே பலரின் வழக்கம். மருந்தை அடியோடு விட்டுவிடுங்கள் என்று சொன்னால் எந்த விவசாயியும் கேட்கமாட்டார், கேட்கவும் முடியாது. ஆனால் மருந்தையும் நன்மை செய்யும் பூச்சியையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொள்ள முடியும். எந்த மருந்து, எப்போது, எந்த இடத்தில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கூரைக்குள் ஏன் சீக்கிரம் பெருகுகிறது?

திறந்த வெளியில் மழை பூச்சியைக் கழுவித் தள்ளும். காற்று அடித்துச் செல்லும். பொறிவண்டும் குளவியும் தேடி வந்து தின்னும். பிளாஸ்டிக் கூரைக்குள் மழை இல்லை, வலை போட்டிருந்தால் எதிரியும் எளிதில் வருவதில்லை. வெப்பமும் உணவும் மட்டும் தாராளமாகக் கிடைக்கின்றன.

இலையின் அடியில் வலை பின்னும் சிவப்புச் சிலந்திப் பேன், 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய ஏறக்குறைய ஒரு வாரமே போதும். வெள்ளை ஈக்கு ஏறக்குறைய மூன்று வாரம். ஒரு பயிர் முடிவதற்குள் பல தலைமுறைகள் வந்து போய்விடும்.

ஒவ்வொரு முறை மருந்து அடிக்கும்போதும் அதைத் தாங்கும் சில பூச்சிகள் மிஞ்சும். அடுத்த தலைமுறை அவற்றின் பிள்ளைகள். சில மாதங்களில் வீடு முழுவதும் மருந்துக்கு அசையாத கூட்டம் நிறைந்துவிடும். விவசாயி அளவைக் கூட்டுகிறார், வேறு பெயர் போட்ட மருந்தை வாங்குகிறார். இரண்டு பெயர்களும் ஒரே இரசாயனக் குழுவைச் சேர்ந்தவையாக இருந்தால், ரிங்கிட் போனதுதான் மிச்சம்.

கேமரன் மலை முட்டைக்கோஸ் சொன்ன பாடம்

கேமரன் மலையில் முட்டைக்கோசை அழிக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி, ஒவ்வொரு புது மருந்தையும் சில ஆண்டுகளில் வென்று பேர் எடுத்தது. 1970-களில் அதன் புழுவுக்குள் முட்டையிட்டுக் கொல்லும் ஒரு குளவி இனம் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு அங்கு விடப்பட்டது. மலையின் குளிர் அதற்கு ஒத்துக்கொண்டது. ஆனாலும் முதலில் அது பெரிதாக எடுபடவில்லை. தோட்டங்களில் ஓயாமல் அடிக்கப்பட்ட மருந்தில் குளவியும் செத்துக்கொண்டிருந்தது.

விவசாயிகள் ‘பிடி’ எனும் பாக்டீரியா மருந்துக்கு மாறத் தொடங்கிய பிறகுதான் குளவி தலைதூக்கியது. பிடி மருந்தைத் தின்ற புழு மட்டுமே சாகும். இலைமேல் நடக்கும் குளவிக்கு ஒன்றும் ஆகாது. குளவி அதேதான், மலை அதேதான். மாறியது மருந்து மட்டுமே.

கதை அத்தோடு முடியவில்லை. பிடி நல்லது என்று அதையே திரும்பத் திரும்ப அடித்ததில், அதையும் தாங்கும் அந்துப்பூச்சிகள் பின்னர் மலேசியாவிலேயே கண்டறியப்பட்டன. உயிரியல் மருந்தாக இருந்தாலும் அதை மட்டுமே நம்பினால் இதே கதிதான்.

இங்கிலாந்திலும் ஸ்பெயினிலும்

கண்ணாடி வீட்டுக்குள் இந்த முறை புதியதல்ல. 1926-இல் இங்கிலாந்தில் தக்காளி பயிரிட்ட ஒருவர், வெளிர் நிறத்தில் இருக்க வேண்டிய வெள்ளை ஈக் குஞ்சுகள் சில கறுத்துப் போயிருப்பதைக் கவனித்தார். உள்ளே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான குளவி வளர்ந்துகொண்டிருந்தது. ‘என்கார்சியா’ எனப்படும் அந்தக் குளவியை ஆய்வு நிலையம் ஒன்று பெருக்கி விவசாயிகளுக்கு அனுப்பத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிடிடி வந்ததும் குளவியை எல்லோரும் மறந்தார்கள். சிலந்திப் பேனும் வெள்ளை ஈயும் மருந்துக்கு அடங்காமல் போனபோது, 1960-களின் இறுதியிலிருந்து மீண்டும் தேடிப் போனார்கள்.

தென் ஸ்பெயினின் அல்மேரியா, ஐரோப்பாவின் காய்கறிக் கிடங்கு. பிளாஸ்டிக் கூரை கடலாக விரிந்து கிடக்கும் வட்டாரம். 2006-இன் இறுதியில் அங்கிருந்து சென்ற குடைமிளகாயில், அனுமதி இல்லாத ஒரு மருந்தின் எச்சம் ஜெர்மனியில் கண்டுபிடிக்கப்பட்டது. வாங்குவோர் பின்வாங்கினார்கள். அடுத்த ஓரிரு பருவங்களிலேயே அல்மேரியாவின் குடைமிளகாய் விவசாயிகளில் பெரும்பாலோர், இலைப்பேனையும் வெள்ளை ஈயையும் தின்னும் பேன்களையும் நாவாய்ப் பூச்சிகளையும் குடிலுக்குள் விடத் தொடங்கினார்கள். மருந்தைக் கைவிட்டார்களா? இல்லை. நல்ல பூச்சியைக் கொல்லாத மருந்துகளை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஒதுக்கினார்கள்.

லேபிளின் நிறத்தை நம்பலாமா?

மலேசியாவில் பூச்சி மருந்து லேபிளின் அடியில் ஒரு நிறப் பட்டை இருக்கும். கறுப்பும் சிவப்பும் கடும் நஞ்சு, அதன் பின் மஞ்சள், நீலம், வெள்ளை என நஞ்சின் வேகம் குறையும். பலர் நீலப் பட்டையைப் பார்த்ததும் “இது சாந்தமான மருந்து” என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

அந்த நிறம் மனிதனுக்கு உள்ள ஆபத்தைத்தான் சொல்கிறது. பொறிவண்டுக்கும் குளவிக்கும் என்ன ஆகும் என்பதை அது சொல்லாது. எடுத்துக்காட்டாக, சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரெத்ராய்டு வகை மருந்துகள் நல்ல பூச்சிகளை அழிப்பதில் முன்னணியில் நிற்பவை. இலைமேல் தங்கும் அவற்றின் எச்சம், சிலந்திப் பேனைத் தின்னும் நல்ல பேன்களை இரண்டு மாதத்துக்கும் மேல் அண்டவிடாமல் செய்யும். பைரெத்ராய்டு அடித்த சில வாரங்களில் சிவப்புச் சிலந்திப் பேன் முன்னைவிட அதிகமாக வந்ததைக் கண்ட விவசாயிகளுக்குக் காரணம் இதுதான்.

“இயற்கை” என்ற சொல்லும் அப்படித்தான். செவ்வந்தி இனப் பூவிலிருந்து எடுக்கப்படும் பைரெத்ரம், தொட்ட பூச்சியை எல்லாம் கொல்லும். மண் பாக்டீரியாவிலிருந்து கிடைக்கும் ஸ்பைனோசாட் குளவிகளுக்கு ஆகாது. பூஞ்சண மருந்துகளிலும் கவனம் தேவை. பலரும் சாதாரணமாக அடிக்கும் மேன்கோசெப், நல்ல பேன்களைப் பாதிக்கக்கூடியது.

எந்த மருந்து எந்த நல்ல பூச்சிக்கு எவ்வளவு கேடு என்பதை 1 முதல் 4 வரை தரம் பிரித்த பட்டியல்கள் உலக அளவில் உள்ளன. 1 என்றால் கேடில்லை, 4 என்றால் பெருங்கேடு. புதிய மருந்து வாங்குமுன் விவசாய இலாகா அதிகாரியிடமோ மார்டி ஆய்வாளரிடமோ அந்தத் தரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டையும் சேர்க்கும் நான்கு வழிகள்

முதல் வழி, மருந்தைத் தேர்ந்தெடுப்பது. புழுவுக்குப் பிடி. வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும் வேளாண் சோப்பும் எண்ணெயும். இவை பூச்சியின் மேல் பட்டால்தான் கொல்லும், காய்ந்த பிறகு நஞ்சு மிஞ்சாது. எனவே மருந்து காய்ந்தபின் நல்ல பூச்சி உள்ளே வரலாம்.

இரண்டாவது, இடத்தைப் பிரிப்பது. சிலந்திப் பேன் வீடு முழுவதும் ஒரே நேரத்தில் வருவதில்லை. கதவோரம், வெயில் படும் ஓரம், காய்ந்த வரிசை என்று சில இடங்களில்தான் தொடங்கும். அந்தச் செடிகளுக்கு மட்டும் மருந்து அடித்தால், மற்ற செடிகளில் உள்ள நல்ல பூச்சிகள் பிழைத்து வேலையைத் தொடரும்.

மூன்றாவது, நேரத்தைப் பிரிப்பது. பூச்சித் தொகை பெருகி நிற்கும் வீட்டில் நல்ல பூச்சி ஒன்றும் செய்ய முடியாது. முதலில் எச்சம் சீக்கிரம் மறையும் மருந்தால் தொகையைக் குறைக்க வேண்டும். எச்சம் போனபின் நல்ல பூச்சிக்கு இடம் கொடுக்க வேண்டும். அபாமெக்டின் போன்ற மருந்துக்கு ஒன்று முதல் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். பைரெத்ராய்டு அடித்திருந்தால் அந்தப் பயிருக்கு அந்த வாய்ப்பே ஏறக்குறையப் போய்விடும்.

நான்காவது, குழு மாற்றுவது. பல லேபிள்களில் மருந்தின் குழு எண் அச்சிடப்பட்டிருக்கும். அடுத்தடுத்த தலைமுறைப் பூச்சிக்கு அதே எண்ணை அடிக்கக்கூடாது. பெயரைப் பார்க்காமல் எண்ணைப் பார்த்து மாற்ற வேண்டும்.

ஒரு குடைமிளகாய் வீடு

இதை ஒரு குடைமிளகாய் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். பழைய பயிரை அகற்றியதும் களையையும் இலைக் குப்பையையும் வெளியேற்றி, சில நாள் வீட்டைக் காலியாக விடுவது முதல் வேலை. பூச்சி அடுத்த பயிருக்குத் தாவுவது இங்கேதான் தடுக்கப்படுகிறது. நாற்று வாங்கும்போது, கடைசியாக என்ன மருந்து, எப்போது அடிக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். நாற்றங்காலில் அடித்த மருந்தே நல்ல பூச்சியைப் பல வாரம் தடுக்கக்கூடும்.

நட்டவுடன் மஞ்சள் ஒட்டு அட்டையையும் நீல ஒட்டு அட்டையையும் செடி உயரத்தில் தொங்கவிட வேண்டும். மஞ்சளில் வெள்ளை ஈயும் அசுவினியும், நீலத்தில் இலைப்பேனும் சிக்கும். வாரம் ஒருமுறை எண்ணிக் குறித்து வைத்தால், பூச்சி ஏறுகிறதா இறங்குகிறதா என்பது கணக்காகத் தெரியும். கையடக்க உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று இருந்தால் இலையின் அடியில் சிலந்திப் பேனையும் பார்க்கலாம். வெள்ளை ஈக் குஞ்சு கறுத்திருந்தாலோ, அசுவினி பொன்னிறமாக உப்பிக் காய்ந்திருந்தாலோ, குளவி வேலை செய்கிறது என்று பொருள். அந்த வாரம் மருந்துத் தொட்டியைத் தொடாமல் இருப்பதே இலாபம்.

புழு வந்தால் பிடி மருந்தை மாலையில் அடிக்கலாம். வெயில் அதைச் சீக்கிரம் அழித்துவிடும். பூச்சியைத் தாக்கும் பூஞ்சண மருந்து என்றால் அதுவும் ஈரப்பதம் மிகுந்த மாலை நேரத்தில்தான். அந்தத் தொட்டியில் பூஞ்சணக் கொல்லியைக் கலந்தால், காசு கொடுத்து வாங்கிய உயிரை நாமே கொன்றதாகிவிடும்.

வெளிநாட்டு நல்ல பூச்சிகளை நினைத்த மாத்திரத்தில் தருவித்துவிட முடியாது. உயிருள்ள பூச்சிகளைக் கொண்டுவர 1976-ஆம் ஆண்டு தாவரத் தடுப்புச் சட்டத்தின் கீழ் விவசாய இலாகாவின் அனுமதி வேண்டும். அந்தக் கட்டுப்பாடு நியாயமானது. தவறான பூச்சி வந்தால் திரும்பப் பிடிக்க வழியில்லை. ஆனால் இங்கேயே இருக்கும் பொறிவண்டு, குளவி, பச்சை இறக்கைப் பூச்சி ஆகியவற்றுக்கு அனுமதி தேவையில்லை. பக்கங்கள் திறந்த மழைக் கூரை வீடுகளுக்குள் அவை தாமாகவே வரும். வந்தவற்றைக் கொல்லாமல் இருந்தால் போதும்.

தெளிப்பவரின் உடலும் கணக்கில் உண்டு

திறந்த வெளியில் காற்று சிதறடிக்கும் மருந்துப் புகை, பிளாஸ்டிக் வீட்டில் கூரைக்குக் கீழேயே தங்கும். அதைச் சுவாசிப்பவர் மருந்து அடிப்பவர். பிறகு அதே இலைகளுக்கிடையில் கொடி கட்டுபவரும் காய் பறிப்பவரும் நாள் முழுவதும் நிற்கிறார்கள். தோட்டப்புறத் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதுகில் தொட்டியைச் சுமந்து களைக்கொல்லி அடித்த பெண்களின் நகமும் தோலும் கண்ணும் பட்ட பாட்டை எத்தனையோ குடும்பங்கள் அறியும். அந்தப் பாராகுவாட் இந்நாட்டில் 2020-இல்தான் தடை செய்யப்பட்டது.

பத்து முறை அடித்த இடத்தில் ஐந்து முறை அடித்தால், மருந்துச் செலவு குறைவது ஒருபுறம். தெளிப்பவரின் மூச்சில் போகும் நஞ்சும் பாதியாகிறது. காயில் எச்சம் வரம்பை மீறி, சந்தையில் அல்லது சிங்கப்பூர் எல்லையைத் தாண்டிய பின் சரக்கு நிராகரிக்கப்படும் பயமும் குறைகிறது. அடித்த மருந்து எதுவானாலும், லேபிளில் உள்ள காத்திருப்பு நாள் முடியாமல் பறிக்கக்கூடாது என்பது மட்டும் மாறாத விதி.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. ஒரு வீட்டில், ஒரு பயிருக்கு, நாள் பார்த்து அடிக்கும் வழக்கத்தை விட்டு, அட்டையை எண்ணி அடித்துப் பார்க்கலாம். பைரெத்ராய்டை மட்டும் அந்தப் பயிருக்கு ஒதுக்கி வைக்கலாம். பருவ முடிவில் மருந்துக் கடைப் பற்றுச்சீட்டுகளைக் கூட்டிப் பார்த்து, பக்கத்து வீட்டுக் கணக்கோடு ஒப்பிட்டால், அடுத்த பயிருக்கு என்ன செய்வது என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும்.