உப்பைக் குறைச்சா பொரியல் ருசிக்குமா?

போன மாசம் அப்பாவுக்கு பிபி அதிகம்னு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லிட்டார். உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. நான் செஞ்ச கோஸ் பொரியலை ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு, "பசிக்கலைப்பா"ன்னு எழுந்துட்டார்.

யோசிச்சுப் பார்த்தா, பக் உப்புல இல்ல, தண்ணியில. ஈரம் இருக்கிற வரைக்கும் காயோட சூடு 100 டிகிரியைத் தாண்டாது. சிவந்து வாசம் வர கிட்டத்தட்ட 140 டிகிரி வேணும். மூடி போட்டு வேகவச்சா எங்கிருந்து சிவக்கும்?

இப்போ கோஸைக் கழுவி, துணியில ஈரம் ஒத்தி, அகலமான இரும்புச் சட்டியில கொஞ்சம் கொஞ்சமாப் போடுறேன். ரெண்டு நிமிஷம் கிளறவே கூடாது (கை சும்மா இருக்காது, அதுதான் கஷ்டம்). ஓரம் சிவந்த பிறகுதான் புரட்டணும். உப்பு கடைசியில, முன்னாடியே போட்டா காய் தண்ணி விட்டுடும். கடுகு, சீரகம், பூண்டு, காய்ஞ்ச மிளகாயைத் தனியாத் தாளிச்சு மேலே கொட்டுவேன். அதோட வாசமெல்லாம் எண்ணெயிலதான் நல்லா இறங்கும். அடுப்பை அணைச்சதும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. புளிப்பு சேர்ந்தா, இருக்கிற உப்பே நாக்குக்குக் கூடுதலாத் தெரியும்.

போன ஞாயிறு அப்பா ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினார். கையோட ஊறுகாய் பாட்டிலையும் தேடினார். அதை நான் ஏற்கனவே ஒளிச்சு வச்சுட்டேன்.