வீட்டுத் தோட்டத்தில் களை எடுக்க ஆள் வைப்பவர்களுக்கு

(வானொலி உரை)

"களை பிடுங்காப் பயிர் கால் பயிர்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தது வயலுக்கு மட்டும் இல்லை. வாசலில் நாலு ரோஜாச் செடி, சுவரோரம் ஒரு மல்லிகைக் கொடி, கொல்லையில் இரண்டு பாத்தி கத்தரி, தக்காளி, கீரை என்று வைத்திருக்கிற வீட்டுக்காரர்களுக்கும் அது பொருந்தும். வயல்காரருக்குக் களை தெரியும். ஆள் விட்டாலும் வரப்பில் நின்று வேலையைப் பார்த்து வாங்கத் தெரியும். நகரத்து வீட்டுக்காரருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

இப்போது கோவை, ஈரோடு, சென்னை போன்ற ஊர்களில் வீடு வீடாகப் போய்ப் பாத்திகளில் கையால் களை எடுத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். தனியாக வருகிறவர்கள் உண்டு. மூன்று நான்கு பெண்களாகச் சேர்ந்து வருவதும் உண்டு. நர்சரிக்காரர் ஆள் அனுப்புவதும் உண்டு. "கூலி கொடுத்து எடுத்தோம், பதினைந்தே நாளில் பாத்தி பழையபடி பச்சை பிடித்துவிட்டது, ஏமாற்றிவிட்டார்கள்" என்ற குறையைத்தான் இந்த வேலையைப் பற்றி அடிக்கடி கேட்கிறோம். பெரும்பாலும் அங்கே ஏமாற்று ஒன்றும் நடப்பதில்லை. எந்தக் களை, எப்படி எடுக்க வேண்டும், எத்தனை தடவை வர வேண்டும் என்று முதலில் பேசாமல் விட்டதால் வருகிற வினை அது. ஆகவே ஆளைக் கூப்பிடுவதற்கு முன் உங்கள் பாத்தியில் இருப்பது என்ன என்று நீங்களே குனிந்து பாருங்கள்.

களைகளை இரண்டு வகையாகப் பிரித்துக்கொண்டால் போதும். சாரணை, குப்பைமேனி, அம்மான் பச்சரிசி, பார்த்தீனியம் இவையெல்லாம் விதையால் பெருகுகிறவை. பூத்துக் காய்ப்பதற்குள் வேரோடு பிடுங்கினால் அந்தச் செடியின் கதை முடிந்தது. இன்னொரு வகை மண்ணுக்குள்ளே முதல் வைத்திருக்கிறது. கோரையும் அருகும் இந்த வகை. மேலே பிடுங்கினாலும் உள்ளே இருப்பு அப்படியே இருக்கும். வீட்டுக்காரர்களுக்கும் களை எடுப்பவர்களுக்கும் மனஸ்தாபம் வருவது முக்கால்வாசி இந்தக் கோரையால்தான்.

கோரையைக் கண்டுபிடிப்பது எளிது. தண்டை விரலிடுக்கில் வைத்து உருட்டுங்கள். மூன்று பட்டை இருப்பது தெரியும். புல்லின் தண்டு அப்படி இருக்காது. 1977-இல் லீராய் ஹோம் முதலிய களை ஆராய்ச்சியாளர்கள் உலகத்துக் களைகளை வரிசைப்படுத்தி ஒரு நூல் வெளியிட்டார்கள். அதில் முதல் இடம் இந்தக் கோரைக்குத்தான். காரணம் அதன் கிழங்கு. ஒரு கிழங்கிலிருந்து மெல்லிய கம்பி போல ஒரு தண்டு மண்ணுக்குள் ஓடும். கொஞ்ச தூரம் போய் அங்கே ஒரு கிழங்கு வைக்கும். அதிலிருந்து இன்னொன்று. மணி கோத்தாற்போல் சங்கிலியாக இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் முத்தக்காசு என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்களே, அதுவேதான். மருந்துக்கு நல்லது, பாத்திக்கு ஆகாது.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. சங்கிலி அறுபடாமல் இருக்கும்போது நுனிக் கிழங்கு முளைத்து, மற்றவற்றை முளைக்க விடாமல் அடக்கி வைத்திருக்கும். மண்வெட்டியால் கொத்திப் புரட்டினால் சங்கிலி துண்டு துண்டாகிறது. அதுவரை தூங்கிக் கிடந்த கிழங்குகள் தனித்தனியாக முளைக்கின்றன. பத்து இருந்த இடத்தில் முப்பது வருகிறது. "நன்றாகக் கொத்திவிட்டுப் போங்கள்" என்று வீட்டுக்காரரே சொல்லிச் செய்த வேலையின் பலன் இது! அனுபவப்பட்ட ஆள் கோரைப் பாத்தியில் மண்வெட்டி போட யோசிப்பார். "கொத்துனா ஜாஸ்தியாயிருமுங்க, கிழங்கத் தோண்டித்தான் எடுக்கோணும், நேரம் புடிக்கும்" என்று சொன்னால், வேலையை இழுக்கப் பார்க்கிறார் என்று நினைக்காதீர்கள். தொழில் தெரிந்தவர் சொல்லுகிற பேச்சு அது.

கோரை எடுக்கிற முறையைச் சொல்கிறேன். முதல் நாள் மாலை பாத்திக்குத் தண்ணீர் விட்டு வையுங்கள். மறுநாள் காலை மண் பொலபொலவென்று இருக்க வேண்டும், சேறாக இருக்கக் கூடாது. குறுகலான களைக்கொத்தையோ கூரான இரும்புக் கம்பியையோ செடிக்குப் பக்கத்தில் இறக்கி, மண்ணை நெம்பித் தளர்த்திக்கொண்டு, அடித்தண்டைப் பிடித்துக் கிழங்கோடு தூக்க வேண்டும். கிழங்குகளில் பெரும்பகுதி மேல்மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்குள்தான் இருக்கும். அதற்குக் கீழேயும் சில தப்பிக் கிடக்கும். ஆகவே ஒரே தடவையில் கோரையை ஒழித்துத் தருகிறேன் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம்.

அப்படியானால் வழி? திரும்பத் திரும்ப வருவதுதான் வழி. தப்பிய கிழங்கு முளைக்கும்போது தன்னிடம் உள்ள சேமிப்பைச் செலவழித்துத்தான் இலை விடுகிறது. இலை வந்து மூன்று நாலு வாரம் ஆன பிறகுதான் புதுக் கிழங்கு வைக்க ஆரம்பிக்கும். அதற்குள், அதாவது பதினைந்து நாளுக்கு ஒரு முறை, முளைத்ததை எடுத்துக்கொண்டே வந்தால் உள்ளே இருப்பது செலவாகிக்கொண்டே போகும். இரண்டு மாதம் இடைவெளி விட்டு ஒரு நாள் பெரிய கூலி கொடுப்பதில் பயன் இல்லை. அந்த இரண்டு மாதத்தில் அது இழந்ததையெல்லாம் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்.

கூலி பேசுகிற விஷயத்துக்கு வருகிறேன். "இந்தத் தோட்டம் மொத்தமும் இவ்வளவு" என்று காண்ட்ராக்டாகப் பேசினால் வேலை எப்படி நடக்கும்? சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். மேலாகச் சுரண்டினால் மாலையில் பாத்தி துடைத்து வைத்தாற்போல் இருக்கும். உங்களுக்கும் பார்க்கத் திருப்தி, அவருக்கும் நேரம் மிச்சம். வேர் மட்டும் உள்ளே இருக்கும். சாரணையும் பார்த்தீனியமும் சின்னச் செடிகளாக இருக்கிற பாத்திக்கு மொத்தக் கூலி பரவாயில்லை. கோரையும் அருகும் இருக்கிற பாத்திக்கு நாள் கூலியே சரி. அதிலும் மூன்று தடவைக்குச் சேர்த்துப் பேசிவிடுங்கள்: முதல் தடவை முழு நாள், பதினைந்து நாள் கழித்து அரை நாள், இன்னும் பதினைந்து நாள் கழித்து அரை நாள். அதே ஆள் வர வேண்டும். தான் எடுத்த பாத்தியில் மறுபடி என்ன முளைத்திருக்கிறது என்று பார்க்கிறவருக்குத்தான் எங்கே விட்டோம் என்று தெரியும்.

வேலை முடிந்ததும் பாத்தியைப் பார்க்காதீர்கள், கூடையைப் பாருங்கள். கூடையில் வேரும் கிழங்கும் இருக்கிறதா, வெறும் தழை மட்டும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இந்த வேலைக்கு வருகிறவர்களில் பலர் வயல் வேலை செய்து பழகியவர்கள். கோவையைச் சுற்றிலும் மனையாகிப்போன காடுகளில் ஒரு காலத்தில் பருத்தியிலும் சோளத்திலும் வெங்காயத்திலும் களை எடுத்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டு இலை விட்ட பருவத்திலேயே இது இன்ன செடி என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் கண்ணுக்குத்தான் நாம் கூலி கொடுக்கிறோம். ஆனாலும் நகரத்துத் தோட்டத்தில் இருக்கிற பூச்செடிகள் எல்லாம் அவர்களுக்குப் பழக்கமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. வேலை தொடங்குமுன் கூடவே ஒரு சுற்று நடந்து, எது இருக்க வேண்டும் என்று காட்டிவிடுங்கள். விதை போட்டு முளைத்த நாற்றுக்குப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு வைக்கலாம். இளம் பார்த்தீனியத்தின் இலை காரட் இலை போலவும் செவ்வந்தி இலை போலவும் இருக்கும். தண்டுக்கீரைப் பாத்தியில் முள்ளுக்கீரை முளைத்தால் சின்னதில் வித்தியாசம் சட்டென்று தெரியாது. தானாக முளைத்த துளசியையும் கீழாநெல்லியையும் சில வீடுகளில் வேண்டும் என்பார்கள், சில வீடுகளில் வேண்டாம் என்பார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிறகு வருத்தம் இல்லை.

பார்த்தீனியத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1950-களில் புனேயில் கவனத்துக்கு வந்த இந்தச் செடி பிறகு நாடு முழுக்கப் பரவிவிட்டது. இதைத் தின்று அழிக்கும் ஒரு வண்டை 1984-இல் மெக்சிகோவிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவந்து விட்டார்கள். மழைக்காலத்தில் சில இடங்களில் அது இலையைச் சல்லடையாக்கி வைத்திருப்பதைப் பார்க்கலாம். ஆனாலும் வண்டை நம்பி வீட்டுப் பாத்தியைச் சும்மா விட முடியாது. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். பூக்குமுன் ஈர மண்ணில் வேரோடு வந்துவிடும்.

இதில் ஆபத்து களை எடுப்பவரின் உடம்புக்குத்தான். பார்த்தீனியம் படப்படச் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் வரும். மகரந்தத்தால் தும்மலும் இளைப்பும் வரும். முதலில் ஒன்றும் செய்யாது. பல நாள் பட்டுப் பட்டு ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால், பிறகு அந்தச் செடியிருக்கும் பக்கம் போனாலே தொந்தரவு. தினம் நாலு வீட்டில் அதைப் பிடுங்குகிறவர் நிலையை யோசியுங்கள். பிழைப்பே போய்விடும். ரப்பர் கையுறை ஒரு ஜோடி வாங்கி வையுங்கள், முழுக்கைச் சட்டை ஒன்று கொடுங்கள், மூக்கை மூட ஒரு துணி கொடுங்கள். வேலை முடிந்ததும் கை, கால், முகம் கழுவச் சோப்பும் தண்ணீரும் கொடுங்கள். வெயிலுக்கு முன்னால் காலை ஏழு மணிக்குத் தொடங்கச் சொல்லுங்கள். குடிக்கத் தண்ணீர், நடுவில் ஒரு டீ, உட்கார ஒரு மணைக்கட்டை, இவ்வளவுதான். புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தாலோ கல்லும் ஓடும் குவிந்து கிடந்தாலோ முதலில் ஒரு நீளக் குச்சியால் தட்டிக் கலைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். பாம்பும் தேளும் இருக்கிற இடம் அது.

"இவ்வளவு எதற்கு? மருந்து அடித்தால் ஆயிற்று" என்று சிலர் யோசனை சொல்வார்கள். அடிக்கத் தயாராக ஆட்களும் வருவார்கள். கிளைபோசேட் போன்ற மருந்து கோரைக்கிழங்கு வரை இறங்கும் என்பது உண்மை. ஆனால் அதற்குக் கோரை வேறு மல்லிகை வேறு என்று தெரியாது, எந்தப் பச்சை இலையில் பட்டாலும் இறங்கும். 2,4-டி என்ற மருந்தின் சாரல் காற்றில் வந்து பட்டாலே தக்காளியும் திராட்சையும் இலை சுருண்டு போகும். நாலடி அகலப் பாத்தியில், பக்கத்திலேயே குழந்தைகள் விளையாடுகிற இடத்தில், பறித்துச் சாப்பிடுகிற கீரைக்கு நடுவில் அது எதற்கு? என் அபிப்பிராயத்தில் வீட்டுப் பாத்திக்குக் கைதான் சரி.

இன்னொரு காரணமும் உண்டு. களை என்று நாம் தள்ளுவதில் கீரை இருக்கிறது. பருப்புக்கீரை, பண்ணைக்கீரை, மூக்கிரட்டை, தொய்யக்கீரை எல்லாம் தானாக முளைப்பவைதான். "கீரைய நான் எடுத்துக்கட்டுங்களாம்மா?" என்று கேட்டால் தாராளமாகக் கொடுங்கள், நீங்களும் ஒரு பிடி வைத்துக்கொள்ளுங்கள். முன்பு எப்போதாவது மருந்து அடித்த இடமாக இருந்தால் மட்டும் அதைச் சொல்லிவிட வேண்டும். பருப்புக்கீரையில் ஒரு தந்திரம் உண்டு. பிடுங்கி ஈர மண்மேல் போட்டுவிட்டுப் போனால் மறுபடி வேர் விட்டுக்கொள்ளும். அதனால் பிடுங்கியதைப் பாத்தியிலேயே விடக்கூடாது, கூடைக்குப் போக வேண்டும்.

எடுத்தபின் பாத்தியை மொட்டையாக விடாதீர்கள். காய்ந்த இலைச்சருகையோ மக்கிய தென்னைநார்க் கழிவையோ இரண்டு மூன்று அங்குலம் பரப்புங்கள். செடியின் தண்டைச் சுற்றி மட்டும் கொஞ்சம் இடம் விடுங்கள். வெளிச்சம் படாவிட்டால் சின்ன விதைகள் பல முளைக்காது. கோரை மூடாக்கைக் குத்திக்கொண்டு வரும், ஆனால் நிழல் அதற்கு ஆகாது. காலிப் பாத்தியாக இருந்தால் தட்டைப்பயறு நெருக்கமாக விதைத்து மூடவிடுங்கள். காய்கறி நாற்று நட்டிருந்தால் முதல் 30 முதல் 45 நாள் வரை களை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு செடியே படர்ந்து நிழல் கட்டிவிடும்.

கோரை உங்கள் தோட்டத்துக்கு எப்படி வந்தது என்றும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கியதாகத்தான் இருக்கும். லாரியில் வந்த செம்மண்ணிலும் ஏரி வண்டலிலும் கிழங்கு வரும். நர்சரிப் பையிலும் வரும். மண் இறக்கும்போது ஒரு கூடை அள்ளிச் சலித்துப் பாருங்கள். கருப்பாக, நிலக்கடலைப் பருப்பு அளவில் உருண்டை தட்டுப்பட்டால் திருப்பி அனுப்பிவிடலாம். பையில் வந்த செடியை நடுமுன் பையைக் கிழித்து மேல்மண்ணைத் தட்டிவிடுங்கள். மக்காத சாணமும் இப்படித்தான், மாடு தின்ற விதையெல்லாம் அதில் முளைக்கும்.

கடைசியாக, எடுத்த கோரைக்கிழங்கை என்ன செய்வது என்று கேட்பீர்கள். குப்பைக் குழியில் போட வேண்டாம், உரத்தோடு திரும்பிப் பாத்திக்கே வந்துவிடும். மொட்டைமாடியில் சிமெண்டுத் தரையில் மெல்லிசாகப் பரப்பி நல்ல வெயிலில் இரண்டு வாரம் போடுங்கள். மழை வந்தால் கூட்டி அள்ளிவிட்டு மறுபடி காயவிடுங்கள். ஒரு கிழங்கை நறுக்கிப் பார்த்து உள்ளே ஈரம் இல்லாமல் சுருங்கிக் கெட்டியாக இருந்தால் அது இனி முளைக்காது.