சக்கரத்தில் ஒரு கிலோ, வண்டியில் எத்தனை கிலோ?

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் அலாய் வீல் விலை விசாரித்தவர்களுக்கு இந்த வசனம் புதிதல்ல: “அலாய் போட்டா வெயிட் குறையும் சார், பிக்கப் பிச்சுக்கும்!” கூடவே ஒரு கணக்கும் வரும். சக்கரத்தில் ஒரு கிலோ குறைந்தால் வண்டியில் நாலு கிலோ குறைந்த மாதிரியாம். பத்து கிலோ என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. ஆனால், அப்படிச் சொல்லி விற்கப்படும் சக்கரம் பெரும்பாலும் கம்பெனி கொடுத்ததைவிட ஒன்றிரண்டு அங்குலம் பெரியது. உண்மையில் எடை குறைகிறதா, குறைந்தால் எதில் லாபம் என்பதை யாரும் தராசில் வைத்துப் பார்ப்பதில்லை.

இரண்டு மடங்குக்கு மேல் இல்லை

கதவு, சீட், டிக்கி எல்லாம் வண்டியோடு முன்னால் நகர்கின்றன, அவ்வளவுதான். சக்கரம் நகர்வதோடு சுழலவும் வேண்டும். இரண்டுக்கும் எஞ்சின்தான் ஆற்றல் தர வேண்டும். சக்கரத்தின் எடை முழுவதும் டயரின் வெளி விளிம்பிலேயே இருப்பதாக வைத்துக்கொண்டால், அதைச் சுழற்ற ஆகும் ஆற்றலும் நகர்த்த ஆகும் ஆற்றலும் சரிசமம். ஆக, ஒரு கிலோ இரண்டு கிலோவாகக் கணக்காகும். அதுதான் உச்சவரம்பு. நடுவிலுள்ள ஹப்பை ஒட்டியிருக்கும் எடையைச் சுழற்ற அதிகம் செலவாகாது. எனவே, டயரும் அதை மாட்டும் உலோக டிஸ்க்கும் சேர்ந்த நிஜச் சக்கரத்தில் ஒரு கிலோ என்பது ஏறத்தாழ ஒன்றரை முதல் ஒன்றே முக்கால் கிலோவுக்குச் சமம். நாலும் பத்தும் எந்த இயற்பியலிலும் இல்லை.

ஓட்டுநரோடு சேர்த்து 1,080 கிலோ எடையுள்ள ஒரு ஹேட்ச்பேக்கை எடுத்துக்கொள்வோம். பெரிய சக்கரம் போட்டதில் ஒவ்வொன்றிலும் 4 கிலோ கூடுகிறது. நான்குக்கும் 16 கிலோ. வேகமெடுக்கும்போது அது 27 கிலோ போல நடந்துகொள்ளும். டிக்கியில் ஓர் அரிசி மூட்டை ஏற்றியதற்குச் சமம். 100 கி.மீ. வேகத்தைத் தொட 13 நொடி எடுத்துக்கொண்ட வண்டி இனி சுமார் 0.3 நொடி கூடுதலாக எடுக்கும். பந்தயத் தடத்தில் அது பெரிய வித்தியாசம். தாம்பரத்தைத் தாண்டும் டிராஃபிக்கில் யாருக்கும் தெரியாது.

ஸ்பிரிங்குக்குக் கீழே

அப்படியானால் எடையைப் பற்றிக் கவலையே வேண்டாமா? வேண்டும். ஆனால், கவலைப்பட வேண்டிய இடம் வேறு.

காரின் எடையில் பெரும்பகுதி ஸ்பிரிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. டயர், டிஸ்க், பிரேக், ஹப் போன்றவை மட்டும் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகின்றன. சிறிய காரில் இப்படித் தொங்கும் எடை ஒரு மூலைக்கு 30 கிலோ என்று கொள்வோம். முன்பு சொன்ன 4 கிலோ இங்கே 13 சதவீதம்! மொத்த வண்டியோடு ஒப்பிட்டால் ஒன்றரை சதவீதம்தான் கூடியிருந்தது.

பள்ளத்தின் விளிம்பில் மோதும் சக்கரம் மேலே எகிறுகிறது. மறுகணமே ஸ்பிரிங் அதைக் கீழே தள்ளி, டயரைத் தரையில் அழுத்தியாக வேண்டும். கனமான சக்கரம் அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. அந்தத் தாமதத்தில் டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடி தளர்கிறது. வளைவில் வண்டி ஒதுங்கும். கரடுமுரடான சாலையில் பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் நீளும். மேலே எகிறும் விசையும் கூடுவதால், உள்ளே இருப்பவர்கள் முதுகிலும் அது தெரியும்.

இதை வாகன வடிவமைப்பாளர்கள் நூறாண்டுகளாக அறிவார்கள். எத்தோரே புகாட்டி 1924-ல் பிரான்சின் லியோன் பந்தயத்துக்குக் கொண்டுவந்த டைப் 35 காரில், கம்பிச் சக்கரத்துக்குப் பதில் பிரேக் டிரம்மும் சேர்ந்தே வார்க்கப்பட்ட அலுமினியச் சக்கரங்கள் இருந்தன. 1948-ல் வந்த சிட்ரோயன் 2சிவி ஏழை விவசாயிகளுக்கான கார். அதிலும் முன் பிரேக்குகளைச் சக்கரத்திலிருந்து கழற்றி கியர்பாக்ஸை ஒட்டி வைத்தார்கள். ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள சுமை அந்த அளவுக்குக் குறைந்தது. நம் காலத்தில் ஃபோர்டின் மஸ்டாங் ஜிடி350ஆர் கார்பன் ஃபைபர் சக்கரங்களோடு வந்தது. அதே அளவு அலுமினியச் சக்கரம் 15 கிலோ என்றால் இது 8 கிலோ. சக்கரம் அவ்வளவு சுறுசுறுப்பாக அசைந்ததால் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் மறுபடி சீரமைக்க வேண்டியிருந்தது.

அலாய் என்றால் இலேசா?

அலாய் என்பது இங்கே அலுமினியக் கலவை. அலுமினியத்தின் அடர்த்தி ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால், அதன் விறைப்பும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதனால் வார்ப்பு அலாயைத் தடிமனாகச் செய்ய வேண்டும். மலிவான வார்ப்பு அலாய், அதே அளவு ஸ்டீல் டிஸ்க்கைவிடக் கனமாக இருப்பது அபூர்வமல்ல. உண்மையில் இலேசானது, அழுத்தி அடித்து உருவாக்கும் ஃபோர்ஜ்டு வகை. அதன் விலையும் அதற்கேற்ப இருக்கும். இன்னொன்று: பள்ளத்தில் விழுந்த ஸ்டீல் டிஸ்க் பெரும்பாலும் வளையும், தட்டி நிமிர்த்தலாம், வார்ப்பு அலாய் விரிசல் விடக்கூடும்.

இனி அளவு. 185/65 ஆர்15 டயரின் மொத்த விட்டம் சுமார் 622 மி.மீ. அதற்குப் பதில் 205/45 ஆர்17 போட்டால் 616 மி.மீ. வெளிவிட்டம் கிட்டத்தட்ட மாறவில்லை. உள்ளே டிஸ்க் இரண்டு அங்குலம் வளர்ந்திருக்கிறது. டயரின் பக்கச்சுவர் 120 மி.மீட்டரிலிருந்து 92 ஆகக் குறுகியிருக்கிறது. ரப்பரும் காற்றும் இருந்த இடத்தை உலோகம் பிடித்துக்கொண்டது. அந்த உலோகமும் அச்சிலிருந்து தள்ளிப் போனது. பக்கச்சுவர் தன்னளவில் ஒரு ஸ்பிரிங். அது குறுகியதும் ஸ்டீயரிங் கூர்மையாகும், உலுக்கலும் கூடும்.

மைலேஜ் எங்கே போகிறது?

அமெரிக்காவின் ‘கார் அண்ட் டிரைவர்’ இதழ் 2010-ல் ஒரே ஃபோக்ஸ்வேகன் கோல்ஃபில் 15 அங்குலம் தொடங்கி 19 அங்குலம் வரை மாற்றி மாற்றிப் போட்டுச் சோதித்தது. வேகமெடுக்கும் திறன் சுமார் 4 சதவீதமே குறைந்தது. எரிபொருள் சிக்கனம் சுமார் 10 சதவீதம் குறைந்தது. மின்சாரக் கார்களிலும் இதே கதை. 2021-ல் வந்த டெஸ்லா மாடல் எஸ் பிளைடுக்கு 19 அங்குலச் சக்கரத்தில் கிடைத்த அதிகாரபூர்வ ரேஞ்ச் 637 கி.மீ.; 21 அங்குலத்தில் 560 கி.மீ.தான்.

இதற்கான பழியை எடை மீது மட்டும் போட முடியாது. அகலமான டயர் காற்றை அதிகம் கிழிக்கிறது. உருளும்போது ரப்பர் அமுங்கி விரிவதில் வீணாகும் ஆற்றல், டயரின் கலவையைப் பொறுத்தது. சக்கரத்தைச் சுழற்றியதில் சேர்ந்த ஆற்றலில் ஒரு பகுதியை மின்சாரக் கார் பிரேக் பிடிக்கும்போது திரும்பப் பெற்றுவிடும். ஆனால், காற்றிலும் ரப்பரிலும் போகும் நஷ்டங்களை எந்தக் காரும் மீட்க முடியாது.

வாங்கும் முன்

சக்கரம் மாற்றுவதில் தவறில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள். முதலில், உங்கள் பழைய சக்கரத்தை டயரோடு தராசில் ஏற்றுங்கள். புதியதையும் அப்படியே ஏற்றுங்கள். மொத்த விட்டம் மூன்று சதவீதத்துக்கு மேல் மாறக் கூடாது. மாறினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். டயரின் பக்கத்தில் உள்ள லோடு இண்டெக்ஸ் பழையதைவிடக் குறையக் கூடாது: 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 84 என்றால் 500 கிலோதான். கடைசியாக பேலன்சிங். விளிம்பில் 30 கிராம் ஏறுக்குமாறாக இருந்தால்கூட, 100 கி.மீ. வேகத்தில் அது கிட்டத்தட்ட ஐந்து கிலோ விசையாகி நொடிக்கு 14 முறை சக்கரத்தை இழுத்தாட்டும்.

பிக்கப்புக்காக அலாய் வாங்குகிறீர்கள் என்றால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். சுகமான பயணமும் நல்ல பிடியும் வேண்டுமென்றால், கம்பெனி கொடுத்த அளவிலேயே உண்மையில் இலேசான டிஸ்க்கும் நல்ல டயரும் தேடுங்கள். அழகுக்காக என்றால் தாராளமாக வாங்கலாம். அந்த அழகுக்கு மைலேஜிலும் முதுகிலும் மாதாமாதம் தவணை கட்ட வேண்டும் என்பது தெரிந்திருந்தால் போதும்.