முகத்துக்கு நாலாயிரம் ரூபாயா?

சென்ற வருடம் திருச்சியில் என் கணவரின் ஆபீஸ் நண்பர் வீட்டுக் கல்யாணம். வாசலில் சந்தனமும் கற்கண்டும் கொடுத்துக்கொண்டிருந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் கணவரிடம், "அக்காவையும் கூட்டிட்டு வந்துட்டீங்களா, ரொம்ப சந்தோஷம்!" என்றாள். அவருக்கு 47 வயது. எனக்கு 43. அவர் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டார். நானும் சிரித்தேன். பந்தியில் உட்கார்ந்தபோது பாயசம் தொண்டையில் இறங்கவில்லை.

உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருந்தால், அடுத்து நான் செய்த காரியத்தைப் பெரிய குற்றமாக நினைக்க மாட்டீர்கள். சீட்டு எடுத்த பணத்திலிருந்து 4,200 ரூபாயை உருவிக்கொண்டு போய், முதுமையை விரட்டும் க்ரீம் ஒன்றை வாங்கி வந்தேன். மொத்தமே 50 கிராம். அது என் பெண்ணுக்குப் படிக்கிற மேஜை வாங்க வைத்திருந்த பணம். பத்தாவது படிக்கிறாள், தரையில் குனிந்து எழுதி முதுகு வலிக்கிறது என்பாள். விலை அச்சடித்திருந்த அட்டைப் பெட்டியை வரும் வழியிலேயே கிழித்துப் போட்டேன். "எவ்வளவு?" என்று அவர் கேட்டதற்கு "நானூத்தி இருபது" என்றேன். ஒரே ஒரு சைபர்தானே!

முதல் நாள் பூசியதும் சொக்கிப் போனேன். அரை மணியில் முகம் பட்டுப் போல வழவழப்பு. கண்ணோரத்துக் கோடுகள்கூட மங்கித் தெரிந்தன. காலையில் முகம் கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால் அதே பழைய நான். மூன்று மாதமும் இதே கதைதான். கன்னத்தில் மங்கு வேறு படர ஆரம்பித்தது. கடைசியில் தோல் டாக்டரம்மாவிடம் போனேன். டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டேன்.

அவர் டப்பாவைத் தொடவே இல்லை. "ரவிக்கைக் கையைக் கொஞ்சம் மேல தூக்குங்க" என்றார். தூக்கினேன். ரவிக்கை மறைத்திருந்த இடம் மாநிறமாக, மழமழவென்று இருந்தது. அதற்குக் கீழே கோடு போட்டாற்போலக் கறுத்து, சொரசொரத்துக் கிடந்தது.

"மேலேயும் கீழேயும் உங்களுக்கு ஒரே வயசுதானேம்மா?" என்றார்.

எத்தனை வருடமாக ரவிக்கை போடுகிறேன், இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் விட ஸ்கூட்டர், மொட்டை மாடியில் துணி, சித்திரை வெயிலில் வடாம். முகமும் கையும் தினம் வெயிலில் வெந்துகொண்டிருக்க, நான் இரவில் கதவைச் சாத்திக்கொண்டு க்ரீம் பூசியிருக்கிறேன்.

டாக்டரம்மா ஒரு புகைப்படம் காட்டினார். நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 2012-ல் வந்தது. 69 வயது அமெரிக்க லாரி டிரைவர், 28 வருடம் வண்டி ஓட்டியவர். அந்த நாட்டில் டிரைவரின் இடப் பக்கம் ஜன்னல். முகத்தின் இடப் பாதி முழுவதும் தோல் தடித்து, தொங்கி, ஆழமான சுருக்கம். வலப் பாதி சுமாராகவே இருக்கிறது. சருமத்துக்கு வயதைக் கூட்டும் ஒருவகைப் புற ஊதாக் கதிர் சாதாரணக் கண்ணாடியைத் தாண்டி வந்துவிடுமாம். ஆஸ்திரேலியாவில் நாம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரை நாலரை வருடம் கவனித்த ஆய்வு 2013-ல் வெளியானது. தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்கு, இஷ்டப்பட்டபோது மட்டும் பூசியவர்களைவிடச் சரும முதிர்ச்சி 24 சதவீதம் குறைவு. நம் மாநிறத் தோலில் சுருக்கம் தாமதமாகத்தான் வரும்; மங்கும் கறுப்பும்தான் முந்திக்கொள்ளும் என்றும் சொன்னார். என் முகத்தில் நடந்ததும் அதுதான்.

"அப்போ இந்த க்ரீம் சுத்த ஏமாத்தா டாக்டர்?"

"ஏமாத்துன்னு சொல்ல மாட்டேன். நல்ல மாய்ஸ்சரைசர். வறண்ட தோலுக்கு ஈரம் குடுக்கும், சிலிகான் கோடுகளை நிரப்பிக் காட்டும். கழுவினா போயிடும். அதுக்கு நாலாயிரம் வேணுமான்னு நீங்கதான் சொல்லணும்."

கொலாஜன் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததே? அதன் மூலக்கூறு மிகப் பெரிது; தோலைத் தாண்டி உள்ளே போகாது, மேலேயே உட்கார்ந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். ரெட்டினால், வைட்டமின் சி இரண்டுக்கும் ஓரளவு பலன் உண்டு. ஆனால் வெளிச்சமும் காற்றும் பட்டால் அவை வீரியம் இழந்துவிடும். என் டப்பாவோ அகல வாய்க் கண்ணாடி ஜாடி; தினம் இரண்டு வேளை திறந்து விரலை விட்டிருக்கிறேன்! விலையில் பாதி அந்த ஜாடிக்குத்தானோ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். இன்னொன்று, விளம்பரத்தில் "இத்தனை சதவீதம் பெண்கள் மாற்றத்தை உணர்ந்தார்கள்" என்று வந்தால் "உணர்ந்தார்கள்" என்ற வார்த்தையை ஒரு முறை உற்றுப் பாருங்கள். முதல் நாள் இரவு நானும்தான் உணர்ந்தேன்.

சுருக்கத்தை உண்மையிலேயே குறைப்பதாகப் பல வருடம் சோதித்து அறிந்த மருந்து ட்ரெட்டினாயின். 1971-ல் அமெரிக்காவில் பருவுக்காக அனுமதி பெற்றது. பருவுக்குப் பூசிய பெண்கள் முகச் சுருக்கமும் குறைகிறது என்று சொல்லப்போக, ஆராய்ந்து பார்த்து 1995-ல் அதற்கும் அனுமதி கொடுத்தார்கள். டாக்டரம்மா எனக்கு எழுதிக் கொடுத்த ட்யூப் 220 ரூபாய். இரவில் பட்டாணி அளவு, ஆரம்பத்தில் வாரம் இரண்டு நாள். முதல் மாதம் தோல் உரிந்து எரிச்சல் எடுத்தது. பலன் தெரிய ஆறு மாதம் ஆயிற்று, அதுவும் கொஞ்சம்தான். இளம் தாய்மார்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்: கர்ப்பமாக இருப்பவர்களும், குழந்தைக்காகக் காத்திருப்பவர்களும் இதைத் தொடக் கூடாது. பால் கொடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் பூச வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் "மங்குக்கு நல்லா கேக்கும்" என்று எடுத்துக் கொடுக்கும் க்ரீம்களில் பலவற்றில் ஸ்டிராய்டு கலந்திருக்கும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து சிவந்து, முகத்தில் முடி முளைக்கும். எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் போவதும் கூடாது, புண்ணாகிவிடும்.

சன்ஸ்கிரீனில் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல் பார்த்து வாங்குகிறேன். முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளம் பிழிய வேண்டும். நெடுநேரம் வெளியில் இருந்தால் இரண்டு மணிக்கொரு முறை மறுபடியும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விலை உயர்ந்ததாக வாங்கினால் நம் கை தானாகச் சிக்கனம் பிடிக்கும், பொட்டு வைக்கிற மாதிரி தொட்டு வைப்போம். அந்த அளவுக்குப் பூசினால் அட்டையில் போட்டிருக்கிற பாதுகாப்பு கிடைக்காது. தாராளமாகப் பூச மனசு வருகிற விலைதான் சரியான விலை. ஸ்கூட்டருக்கு முழுக்கை சட்டை. வடாம் பிழிய இப்போதெல்லாம் காலை ஏழு மணி.

வாசனைக்காகவும் ஆசைக்காகவும் விலை உயர்ந்த க்ரீம் பூசுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. கையில் காசு இருந்தால் பட்டுப் புடவை வாங்குவதில்லையா? மேஜைக் காசில் வாங்கியதுதான் என் தப்பு.

அதுவும் வெளியே வந்துவிட்டது. ஒரு நாள் என் பெண் அந்த ஜாடியையும், டாக்டர் எழுதிக் கொடுத்த 250 ரூபாய் மாய்ஸ்சரைசரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தாள். எது அதிகமோ அது முதலில் வரும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்களாம். "அம்மா, ரெண்டுலயும் முதல்ல தண்ணி, அடுத்தது கிளிசரின்!" என்றவள், செல்போனில் எதையோ தட்டிவிட்டு, "இது 4,200 ரூபாயாம்மா?" என்று அப்பா காதில் விழும்படி கேட்டாள்.

அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அந்தக் கல்யாண வீட்டுப் பேச்சா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மேஜை இரண்டு மாதம் கழித்து வந்தது.

ஜாடியில் பாதி மீந்திருந்ததை என் மாமியார் எடுத்துக்கொண்டு போய்க் குதிகால் வெடிப்புக்குப் பூசினார். இரண்டே வாரத்தில் வெடிப்பெல்லாம் மூடிக் குதிகால் குழந்தைப் பாதம் மாதிரி ஆகிவிட்டது. போன வாரம் காலி ஜாடியைக் கொண்டு வந்து நீட்டி, "நல்ல மருந்தும்மா. இன்னொண்ணு வாங்கிட்டு வா. என்ன, ஒரு நாப்பது ரூபா இருக்குமா?" என்றார்.