'ஆண்' போய் 'ஆள்' வந்தது

1995 இல் எமது தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டது. பாலியல் தொந்தரவு தனிக் குற்றமாக்கப்பட்டது அப்போதுதான். பெண்களுக்கு அது நல்ல செய்தி. ஆனால் அதே திருத்தம் இன்னொன்றும் செய்தது. ஆண்களுக்கிடையிலான உறவை மட்டும் குற்றமென்ற 365அ பிரிவில் 'ஆண்' என்பதை எடுத்துவிட்டு 'ஆள்' என்று போட்டார்கள். பெண்ணை விரும்பும் பெண்ணும் அன்றிலிருந்து குற்றவாளி. இரண்டு வருடம் வரை சிறை.

வழக்குகள் குறைவுதானே என்பார்கள். பயமுறுத்த வழக்கு எதற்கு? "பொலிஸில் சொல்லிவிடுவேன்" என்பதே போதும். அடித்தவன்மேல் முறைப்பாடு கொடுக்கவும் அவளால் போக முடியாது. ஊர் வாய்க்குப் பயந்து ஒடுங்கியிருப்பது என்னவென்று போரில் கணவரை இழந்த எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரொசானா பிளேமர்-கல்தேரா இதை ஐ.நா.வின் பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் குழுவுக்குக் கொண்டுசென்றார். அவரது உரிமைகள் மீறப்பட்டுள்ளன என 2022 இல் குழு கூறியது. பிரித்தானியர் விட்டுச்சென்ற இத்தகைய சட்டங்களை இந்தியாவில் 2018 இலும் மொரிசியசில் 2023 இலும் நீதிமன்றங்கள் தளர்த்தின. உகண்டாவோ 2023 இல் சில சந்தர்ப்பங்களுக்கு மரணதண்டனையே விதித்துச் சட்டமியற்றியது.

இங்கே, குற்றநீக்கச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. 2024 இல் பாராளுமன்றம் கலைக்கப்பட, அதுவும் காலாவதியானது. வாக்குக் கேட்டு வருபவர்களிடம் வீட்டுத்திட்டத்தோடு இதையும் கேட்கலாம்.