நாய்க்குட்டிக்கு ஒரு பெட்டி

சொந்த வளவில் இருந்த காலத்தில் நாய்க்குட்டி எங்கே மலம் கழித்தது என்று நாம் கவனித்ததில்லை. வேலியோரத்தில் பற்றை, அதற்கப்பால் தோட்டம். குட்டி வளர்ந்து தானாகவே ஓர் இடத்தைத் தேடிக்கொண்டது. உறவினர் வளவில் போட்ட கொட்டிலிலோ, முகாமின் வரிசைக் குடிசையிலோ, மீளக் குடியேறிய காணியில் தகரம் போட்ட ஓர் அறையிலோ வாழும் குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை. அங்கே குட்டி கழிக்கும் இடம் பிள்ளைகள் விளையாடும் இடமாக இருக்கும். அல்லது அயல்வீட்டு வாசலாக இருக்கும். தண்ணீருக்கும் மலசலகூடத்துக்கும் வரிசையில் நிற்பவர்களுக்கிடையே இதுவும் ஒரு சண்டைக்குக் காரணமாகிறது.

அதற்காக நாயே வேண்டாம் என்று சொல்ல முடியாது. பன்றியும் குரங்கும் வரும் பக்கத்தில் நாயில்லாமல் பயிர் செய்வது எவ்வளவு கடினம் என்பதை உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. குட்டியை எப்படிப் பழக்குவது என்பதே கேள்வி. இதற்கு ஒரு பலகைப் பெட்டி போதும்.

முதலில் இதனால் என்ன பயன் என்பதைச் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலான குட்டிகள் வட்டப்புழுவுடனேயே பிறக்கின்றன. தாயின் உடலில் உறங்கிக் கிடக்கும் புழுக்கள் கருவிலிருக்கும் குட்டிக்குச் செல்கின்றன. கொழுக்கிப்புழு தாய்ப்பால் வழியாகச் செல்கிறது. வட்டப்புழுவின் முட்டை மலத்துடன் வெளியே வந்த அன்றே நோயைத் தராது. மண்ணில் கிடந்து அதனுள் குடம்பி வளரப் பொதுவாகச் சில வாரம் செல்லும். அதன்பின் வருடக்கணக்கில் அது மண்ணில் உயிருடன் கிடக்கும். மண் படிந்த கையை வாயில் வைக்கும் சிறுபிள்ளையின் வயிற்றுக்குள் அது போனால், குடம்பிகள் ஈரலுக்கும் நுரையீரலுக்கும் சிலவேளை கண்ணுக்கும் செல்லும். கண் பார்வை கெட்டுப் போவதும் உண்டு. கொழுக்கிப்புழுவுக்கு ஒரு வாரமே போதும். அது வெறுங்காலின் தோலைத் துளைத்து, சிவந்த கோடுகளாக ஊர்ந்து, தாங்க முடியாத அரிப்பைத் தரும்.

ஆகவே அன்றைய மலத்தை அன்றே அள்ளிப் புதைத்தால் ஆபத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும். அள்ளுவதானால் அது எங்கே கிடக்கிறது என்று தெரிய வேண்டும். பெட்டி உதவுவது இதற்குத்தான்.

நாய்க்குட்டி தான் படுக்கும் இடத்தை அசுத்தப்படுத்த விரும்பாது. பிறந்து முதல் மூன்று வாரமளவில் தாய் நாயே குட்டிகளின் கழிவை நக்கித் துப்புரவாக்குகிறது. கால் ஊன்றி நடக்கத் தொடங்கியதும் குட்டி படுக்கையை விட்டுச் சற்றுத் தள்ளிப் போகப் பார்க்கும். இந்த இயல்பை நாம் பயன்படுத்திக்கொள்கிறோம். பெட்டி அதன் படுக்கை. அதற்குள் இருக்கும்வரை அடக்கிக்கொள்ளப் பார்க்கும். வெளியே எடுத்தவுடன் கழிக்கும். அந்த நேரத்தில் அதை எங்கே கொண்டுபோய் விடுகிறோமோ, நாளடைவில் அதுவே அதன் இடமாகிவிடும். நான்கு, ஐந்து வாரக் குட்டிகளைத் தூக்கிவரும் வழக்கம் எம்மிடம் இருக்கிறது. எட்டு வாரம்வரை தாயுடன் விட்டால் இந்தப் பழக்கம் பாதி அங்கேயே வந்துவிடும்.

பெட்டி பெரிதாக இருக்கக் கூடாது. இதில் நாமே பிழைவிட்டோம். குட்டி பாவம், தாராளமாக இருக்கட்டும் என்று நான்கடி நீளத்தில் ஒன்றை அடித்தோம். அது ஒரு மூலையில் படுத்து மறு மூலையை மலசலகூடமாக்கிக்கொண்டது. பிறகு நடுவில் ஒரு பலகையைச் செருகியதும் நிலைமை மாறியது. எழுந்து நிற்கவும், திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் இடமிருந்தால் சரி. இரண்டு மாத ஊர்க்குட்டிக்கு இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் போதும். குட்டி வளர வளரப் பலகையை நகர்த்தலாம். மரக்கறி அல்லது மீன் வந்த பெட்டியை நன்றாகக் கழுவிக் காயவைத்து எடுக்கலாம். ஆணி முனைகளைத் தட்டி மடக்குங்கள். தலை அகப்படாத அளவுக்குச் சட்டங்களின் இடைவெளி இருக்கட்டும். கிருமிநாசினி வந்த பெட்டியை எடுக்கவே வேண்டாம். எறும்பு ஏறாமல் கீழே நான்கு கல் வைத்து, உள்ளே பழைய சாரத்துண்டு ஒன்றை விரியுங்கள்.

குட்டியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினால் அது பெட்டியைச் சிறையாகவே எண்ணும். இரண்டு மூன்று நாள் கதவைத் திறந்தே வைத்து, சோற்றை உள்ளே வையுங்கள். தானாகப் போய்ப் படுக்கத் தொடங்கிய பின் சிறிது நேரம் சாத்தலாம். இரவில் உங்கள் பாய்க்கு அருகே பெட்டி இருந்தால் அழுகை குறையும்.

தூங்கி எழுந்தவுடன், தின்று கால் மணி முதல் அரை மணி நேரத்துக்குள், விளையாடி முடிந்ததும் குட்டிக்குக் கழிக்க வேண்டிவரும். அந்த வேளைகளில் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள். நடக்க விட்டால் பாதி வழியிலேயே காரியம் முடிந்துவிடும். கழித்து முடிந்த கணத்தில், அந்த இடத்திலேயே தட்டிக்கொடுத்து ஒரு சிறு கருவாட்டுத் துண்டைக் கொடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு கொடுத்தால் எதற்காகக் கிடைத்தது என்று அதற்கு விளங்காது. பெட்டிக்குள் எவ்வளவு நேரம் விடலாம் என்று பலர் கேட்பார்கள். குட்டியின் வயது எத்தனை மாதமோ அதனுடன் ஒன்றைக் கூட்டுங்கள். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணித்தியாலம். அதுவும் உச்ச அளவுதான். இரவில் ஒரு தடவையாவது எழும்ப வேண்டும். இந்த வேலை முழுவதும் வீட்டிலிருக்கும் தாயின் தலையில் விழுவதை நாம் கண்டிருக்கிறோம். வளர்ந்த பிள்ளை ஒருவரிடம் காலையையும் மாலையையும் ஒப்படைத்துவிடுங்கள்.

கொட்டிலுக்குள் கழித்துவிட்டால் அடிப்பதும், மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பதும் எங்கள் ஊர் வைத்தியம். அதனால் குட்டி கற்பது ஒன்றே: மனிதர் பார்க்கும்போது கழிக்கக் கூடாது. பிறகு அரிசி மூட்டைக்குப் பின்னால் போய்க் கழிக்கும். அந்த இடத்தைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி வினாகிரி தெளியுங்கள். மணம் இருந்தால் மீண்டும் அங்கேதான் வரும். மாட்டுப்பாலைத் தாராளமாகக் கொடுத்தால் சில குட்டிகளுக்கு வயிற்றோட்டம் வரும். வயிற்றோட்டக் குட்டியை எந்தப் பெட்டியாலும் பழக்க முடியாது.

கழிக்கும் இடத்தருகே ஒன்றரை அடி ஆழக் கிடங்கு வெட்டி, தினமும் அள்ளிப் போட்டு மண்ணால் மூடுங்கள். கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையாத தூரத்தில் அது இருக்கட்டும். மரக்கறிக்குப் போடும் கூட்டெருவில் நாய் மலத்தைச் சேர்க்கக் கூடாது. புழு மருந்தை இரண்டு வார வயதிலிருந்தே கொடுக்கத் தொடங்கலாம். அளவை மிருக வைத்தியரிடம் கேளுங்கள். விசர்நோய்த் தடுப்பூசியையும் அப்போதே கேட்டுவிடுங்கள். குட்டிதானே என்று இருந்துவிட வேண்டாம். குட்டியின் கடியாலும் விசர்நோய் வரும். கடித்தாலோ நகத்தால் கீறினாலோ சவர்க்காரமிட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாய்க்கு எம்மைப் போல உடல் முழுவதும் வியர்க்காது; இளைத்தே சூட்டைத் தணிக்கிறது. தகரக் கூரையின் கீழ் மத்தியானத்தில் பெட்டிக்குள் பூட்டிய குட்டி செத்துவிடும். பகலில் பெட்டியை வேப்பமர நிழலுக்கு மாற்றுங்கள். எல்லோரும் கூலி வேலைக்குப் போகும் நாளில் பெட்டி உதவாது. தண்ணீர் வைத்து, நிழலில் ஒரு மூலையை மறைத்து அதற்குள் விடுவதே நல்லது.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்திலிருந்து வெளியேறியவர்களில் பலர் நாயை விட்டுவர நேர்ந்தது. பெட்டியில் பழகிய நாயை உழவு இயந்திரப் பெட்டியிலோ லொறியிலோ ஏற்றுவது எளிது. வைத்தியரிடம் சைக்கிள் கரியரில் வைத்துக் கொண்டுபோகவும் முடியும்.

நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் பெரும்பாலான குட்டிகள் தாமாகவே அந்த இடத்துக்குப் போகத் தொடங்கும். அப்போது கதவைக் கழற்றிவிடலாம். பெட்டியை மட்டும் எடுக்காதீர்கள். இடி முழங்கும் இரவில் நாய் அதற்குள்தான் போய்ச் சுருண்டு படுக்கும். கோழியை அடைக்கு வைக்கப் பெட்டி தேவைப்பட்டால் வேறொன்றைத் தேடிக்கொள்ளுங்கள்.